குரோமோசோமுக்குச் சாயமேற்ற, ஆய்வகத்தில் வழக்கமாகப் போடும் சிவப்புச் சாயமான அசிட்டோகார்மினுக்குப் பதிலாகச் செடிச் சாயம் உதவுமா?

உதவும். என் ஓட்டு பதிமுகம் என்ற சிவப்பு மரக்கட்டைக்கு.

பெங்களூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறேன். போன வருடம் அல்சூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, செம்பருத்தி இதழை வினிகரில் ஊறவைத்து, ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தாள். "மேம், கார்மின் கலர்லயே இருக்கு பாருங்க." நிறம் அழகுதான். வெங்காய வேர்நுனியில் விட்டு நசுக்கிப் பார்த்தால் செல் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. அதிகப்படி நிறம் போகட்டும் என்று 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டோம், எல்லாமே வெளுத்துவிட்டது. பீட்ரூட்டும் அதே கதைதான்.

நிறம் நிற்க ஒரு பிடிப்பு வேண்டும். குரோமோசோமிலுள்ள டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. படிகாரத்திலுள்ள அலுமினியமோ, இரும்போ சாயத்தோடு கூடினால் நேர்மின்னூட்டம் வந்து அங்கே பற்றிக்கொள்ளும். துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் படிகாரம் சேர்ப்பதும் பிடிப்புக்காகத்தான். அசிட்டோகார்மினில் வேரை இரும்பு ஊசியால் கிளறச் சொல்வார்களே, அதன் ரகசியமும் இதுவே. (கார்மினும் ஒன்றும் செயற்கைச் சரக்கல்ல, கள்ளிச்செடியில் வாழும் கொச்சினியல் பூச்சியிலிருந்து வருவது.)

ஆய்வகங்களில் காலங்காலமாகப் புழங்கும் ஹெமடாக்சிலின் என்ற சாயம், லாக்வுட் மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுப்பது. பதிமுகத்திலுள்ள பிரேசிலின் அதற்குப் பங்காளி. மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுதான் குறைவு. பதிமுகம், கேரளாக்காரர்கள் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் அதே சிவப்புக் கட்டை. கே.ஆர். மார்க்கெட் பக்கத்து கிரந்திகெ (நாட்டு மருந்து) கடையில் வாங்கினேன்.

கட்டைச் சீவலைக் கொதிக்கவைத்து வடிகட்டி, நாலைந்து நாள் காற்றுப்பட வைத்தோம். பிரேசிலின் காற்றோடு சேர்ந்து பிரேசிலீனாக மாறினால்தான் அது சாயம். வேர்நுனியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, இரும்பு ஆலம் (இரும்புப் படிகாரம்) கரைசலில் ஊறவைத்துக் கழுவி, அப்புறம் சாயத்தில் போட்டோம். ஆக, முழுக்க 'இயற்கை முறை' என்று பெயர் சூட்ட முடியாது.

கார்மின் அளவுக்குப் பளிச்சென்று இல்லை. ஆனாலும் மெட்டாஃபேஸ் செல் (பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் நிலை) ஒன்றில் குரோமோசோம்கள் பழுப்புச் சிவப்பில் தனித்தனியாகத் தெரிந்தன. அந்த மாணவி எண்ணிப் பார்த்து முதலில் 14 என்றாள். மேலே மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியை (கவர்ஸ்லிப்) ஊசியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டச் சொன்னேன், 16 வந்தது. வெங்காயத்துக்கு அதுதான் கணக்கு.

சாற்றை மொத்தமாகப் போட்டுவைக்காதீர்கள். எங்களுடையது இரண்டாம் வாரமே பூசணம் பிடித்துவிட்டது.