கிழங்குக்கு ஒரு மாதம், குதிரைத் தீனிக்கு மூன்று

ரமேஷ்: விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் பண்ணைக் கூலிகள் அப்படி என்னதான் திருடினார்கள்?

பெரிதாக ஒன்றுமில்லை. வயலில் இருக்கும் டர்னிப் கிழங்கு, அடுப்பெரிக்க வேலிக் குச்சி, சட்டைப் பைக்குள் ஒரு பிடி தானியம், எப்போதாவது ஒரு முயல். 1850 வாக்கில் தெற்கே சராசரி வாரக் கூலி 8 ஷில்லிங் 5 பென்ஸ்தான். சுரங்கமும் ஆலையும் ஆள் தேடிய வடக்கே 11 ஷில்லிங் 6 பென்ஸ்.

மாலதி: ஒரு கிழங்குக்கா சிறை?

ஆமாம். 1861 திருட்டுச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு: ஒரு மாதம் வரை சிறை, அல்லது கிழங்கின் விலையோடு 20 ஷில்லிங் வரை அபராதம். தெற்கத்திக் கூலிக்கு அது இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். வழக்கைக் கேட்பவரும் பெரும்பாலும் அந்த வட்டாரத்து நிலக்காரர், இல்லையென்றால் பாதிரியார்.

சேகர்: எல்லாமே பசிக்காகத்தானா?

இல்லை. குதிரை பார்க்கும் ஆளின் கதை வேறு. எஜமானின் களஞ்சியத்திலிருந்து ஓட்ஸ் எடுத்து எஜமானின் குதிரைக்கே போடுவார். அளந்து கொடுத்த தீனி அவருக்குப் போதாது; பக்கத்துப் பண்ணைக் குதிரைகளைவிடத் தன் குதிரைகள் பளபளக்க வேண்டும். ஒரு மணி தானியம்கூட வீட்டுக்குப் போகவில்லை, ஆனாலும் 1863 வரை அது முழுத் திருட்டு. அந்த வருடம் தனிச் சட்டம் போட்டுத் தணித்தார்கள். தணித்த பிறகும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5 பவுண்டு (100 ஷில்லிங்) வரை அபராதம்! பிள்ளைக்குக் கிழங்கு பிடுங்கியவரைவிட இவர் பாடு மோசம்.

ஜெயா: அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கினால்?

அது உரிமை இல்லை என்று 1788-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளோடு போய்ப் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பல ஊர்களில் காலையில் மணி அடித்த பிறகுதான் இறங்கலாம். சில இடங்களில் வயலில் ஒரே ஒரு கதிர்க்கட்டை விட்டுவைப்பார்கள். அதற்குப் பெயரே ‘போலீஸ்காரர்’. அதை எடுத்த பிறகுதான் வயலுக்குள் கால் வைக்கலாம்.

அன்வர்: முயலுக்கு?

அங்கே நிஜப் போலீஸ்காரரே வருவார். 1862 சட்டப்படி, திருட்டு வேட்டைக்குப் போய் வருகிறார் என்று சந்தேகப்பட்டால் சாலையிலேயே நிறுத்திச் சோதிக்கலாம். அப்புறம் 1880-ல் குத்தகை விவசாயிக்குத் தன் வயல் முயலைக் கொல்லும் உரிமை கிடைத்தது. கூலியாள் அடிக்க வேண்டுமானால் அந்த விவசாயி எழுத்தில் அனுமதி தர வேண்டும்.