ஆப் சொல்கிற பறவைப் பெயரை எவ்வளவு நம்பலாம்? (கேள்வி பதில்)

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின், பேர்ட்நெட் ஆப்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை): அண்ணா, மெர்லின் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

பதில்: ஒலியை முதலில் படமாக மாற்றிக்கொள்கிறது தம்பி. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, சத்தம் கூடினால் கோடு அடர்த்தியாகத் தெரியும், இதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். குயில் கூவினால் மேலேறும் வளைகோடு, செம்மார்புக் குக்குறுவான் டொங் டொங் என்று தட்டினால் ஒரே உயரத்தில் சம இடைவெளியில் சின்னச் சின்னக் கீற்றுகள். போட்டோவில் முகத்தை அடையாளம் காண்கிற அதே வகை நியூரல் நெட்வொர்க்தான் இந்தப் படங்களையும் படிக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தன் மெக்காலே நூலகத்தில் சேர்ந்த பதிவுகளை எடுத்து, எந்த நொடியில் எந்தப் பறவை என்று ஆட்களை வைத்துக் குறித்து, அதிலிருந்து ஆப்பைப் பழக்கியது. மெர்லினில் இந்தக் குரல் வசதி 2021-ல் அமெரிக்கா, கனடாப் பறவைகளோடு வந்தது, நம் பறவைகள் அப்புறம்தான் சேர்ந்தன.

கேள்வி (வால்பாறை): வல்லூறு என்று காட்டியது, நிமிர்ந்து பார்த்தால் கிளையில் துடுப்புவால் கரிச்சான். ஆப் தப்பா?

பதில்: கரிச்சான் அப்படித்தான் செய்யும், மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பேசுவதில் அதற்கு ஈடே கிடையாது. இலங்கையில் சிங்கராஜக் காட்டுக் கரிச்சான்களைக் கவனித்த ஆய்வாளர்கள், ஆபத்து நேரத்தில் அவை வேட்டைப் பறவைகளின் குரலையும் மற்ற பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் எடுத்துவிடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆப்புக்குக் கிடைப்பது அந்தச் சில நொடி ஒலி மட்டும். நீங்கள் அங்கேயே நின்று கேட்டால் வல்லூறு, அடுத்து வேறொன்று, அதற்கடுத்து கரிச்சானின் சொந்த உலோகச் சத்தம் என்று ஒரே கிளையிலிருந்து வரிசையாக வருவது பிடிபடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வேட்டைப் பறவையின் பெயர் திரையில் வந்தால் நான் முதலில் கரிச்சானைத்தான் தேடுவேன்.

கேள்வி (புதுச்சேரி): பேர்ட்நெட்டில் 0.7 என்று வருகிறது. 70 சதவீதம் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒலியை 3 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இந்தப் பறவையாக இருக்கலாம் என்று அது போடுகிற மதிப்பெண் அது. ஒரு பறவைக்கு 0.4 வந்தாலே பெரும்பாலும் சரியாக இருக்கும், இன்னொன்றுக்கு 0.9 வந்தும் பின்னணியில் ஓடும் மோட்டார் சத்தமாக இருக்கும். இரவு முழுக்கப் பதிவு செய்து அலசுகிறவர்கள், ஒவ்வொரு பறவைக்கும் கொஞ்சம் துண்டுகளை எடுத்துக் காதால் கேட்டு, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று தனித்தனியாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் இதைச் செய்யாமல் எண்ணிக்கை வெளியிடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

கேள்வி (தேனி): நண்பர் வாட்சப்பில் அனுப்பிய ஆடியோவை ஆப்பில் போட்டால் ஒன்றுமே வருவதில்லை.

பதில்: குரல் செய்தியாக அனுப்பும்போது ஒலி சுருங்கி, மேல் சுருதியெல்லாம் அடிபட்டுப்போகும். வேவ் கோப்பாகப் பதிந்து, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது மனிதப் பேச்சுக்காகச் செய்தது, பறவையையே இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். பதிவு முடியும்போது இடம், நேரம், பறவையைப் பார்த்தீர்களா என்பதை உங்கள் வாயாலேயே சொல்லி வைத்தால் பின்னால் மிகவும் உதவும்.

கேள்வி (திருச்சி): எனக்கு 66 வயது. பேரன் பூக்கொத்தி கத்துகிறது என்கிறான், எனக்குக் கேட்கவே இல்லை.

பதில்: வயதாக ஆக மேல் சுருதிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும் ஐயா, பூக்கொத்தியின் டிக் டிக் அந்த வகை. மெர்லினைத் திறந்து வைத்தால் அது கத்தும்போதெல்லாம் திரையின் மேல்பக்கத்தில் கோடு விழும், கோடு வந்ததும் மரத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த ஆப்பின் ஆகச் சிறந்த பயன் இதுதான்.

கேள்வி (ஊட்டி): சிக்னல் இல்லாத இடத்தில் ஓடுமா?

பதில்: மெர்லின் ஓடும், நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஆப்பில் இருக்கும் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைப் பக்கத்தில் வரவழைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தன் எல்லைக்குள் வேறு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது விரட்ட வரும். கூடு கட்டும் காலத்தில் இதைச் செய்வதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

கேள்வி (கொடைக்கானல்): சோலைக்குள் பாதிப் பறவைகளை ஆப் கண்டுகொள்வதில்லையே அண்ணா?

பதில்: பழகுவதற்குப் பதிவு போதாது, அவ்வளவுதான். வெண்வயிற்றுச் சோலைக்கிளி மாதிரி சில மலைகளில் மட்டும் வாழ்கிறவற்றுக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் பதிவு கொஞ்சம்தான். குரலை வைத்துப் பறவையை அடையாளம் காணும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பேர்ட்கிளெஃப் போட்டி 2024-ல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளையே எடுத்துக்கொண்டது, அது நல்ல தொடக்கம். மீதி நம் கையில்: பறவையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பதிவாக இருந்தால் பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் இ-பேர்ட் தளத்தில் உங்கள் பட்டியலோடு ஏற்றுங்கள், மெக்காலே நூலகத்துக்குப் போய்விடும். பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் செனோ-கேன்டோ தளத்திலும் போடலாம். ஆப் மட்டும் சொன்ன பெயரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.