டிரம்ஸ் வாசிக்கும் மகனுக்காகக் கவலைப்படும் மன்னார்குடி அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் உங்கள் பையனிடம் கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலின் உட்பக்கம் காய்ப்பு காய்த்திருக்கிறது, மண்வெட்டி பிடித்த உங்கள் கையில் இருப்பது போலவே. ஒரு மாதம் தட்டினால் வருகிற காய்ப்பு இல்லை அது. "ஊர் சுத்துறான் சார்" என்று நீங்கள் சொன்னதில் பாதியை அங்கேயே தள்ளிவிட்டேன். மீதிப் பாதி, பிளஸ் டூவை விட்டுவிட்டு, மூன்று நண்பர்களோடு நடத்துகிற இசைக்குழுவே கதி என்று போய்விடுவானோ என்பது, நியாயமான கவலை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கதையை உங்களிடமும் சொல்லியிருப்பான். லிவர்பூல் என்கிற துறைமுக ஊரில் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் உலகத்தையே பிடித்த கதை. உண்மைதான். ஆனால் நடுவில் இருக்கிற வருடங்களை அவன் சொல்லவில்லை. 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குப் போய், அங்கே இரவு விடுதிகளில் ஒரே ராத்திரியில் மணிக்கணக்காக வாசித்தார்கள். சொந்த ஊரில் கேவர்ன் என்ற நிலவறை கிளப்பில் 1961 முதல் 1963 வரை ஏறக்குறைய 300 தடவை மேடை ஏறினார்கள். 1962 தொடக்கத்தில் ஒரு பெரிய இசைத்தட்டு கம்பெனி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அந்த அக்டோபரில்தான் வேறொரு கம்பெனியில் முதல் தட்டு வந்தது. விடாமல் வாசித்துப் பழகுகிற இதற்கு நம் ஊர்ப் பேச்சில் பெயர் சாதகம். வீதியுலாவில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால், "இவன் பெரிய ஆளா வருவானா?" என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. நான் அவனிடம் கேட்டது வேறு: போன வருடம் எத்தனை மேடை? விரல் விட்டு எண்ணினான். கோயில் திருவிழா நாலு, கல்யாண ரிசப்ஷன் ஆறு, சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஒன்று. மொத்தம் பதினொன்று. பதினேழு வயதுக்கு இது நல்ல தொடக்கம். பிளஸ் டூவை விட்டுவிட்டுப் போவதற்கு இது போதாது. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை.

நம் பக்கத்தில் கிளப் கிடையாது. கச்சேரி மேடைதான் கிளப். அங்கே சினிமாப் பாட்டைத்தான் கேட்பார்கள். அதில் தப்பில்லை, லிவர்பூல் பையன்களும் ஆரம்பத்தில் பெரும்பாலும் அடுத்தவர் பாட்டைத்தான் வாசித்தார்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் பத்துப் பாட்டுக்குப் பிறகு சொந்தப் பாட்டு ஒன்றை நுழைக்கச் சொல்லியிருக்கிறேன். ஜனம் உட்கார்ந்து கேட்கிறதா, டீ குடிக்க எழுகிறதா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும். தஞ்சாவூரைச் சேர்ந்த அந்தோணி தாசன் திருவிழா மேடைகளில் பாடி வளர்ந்துதான் சினிமாவுக்கு வந்தார்.

பணம் என்று பார்த்தால், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில் கைகொடுக்கும், மார்கழி காய்ந்துவிடும். ஸ்பீக்கர் வாடகை, வேன், சாப்பாடு போக கடைசிக் கச்சேரியில் ஆளுக்கு முந்நூறு ரூபாய் நின்றதாகச் சொன்னான். அதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விதை, உரம், ஆள் கூலி என்று நீங்கள் எழுதுகிற அதே மாதிரி.

இன்னொன்று அந்த நோட்டைவிட முக்கியம். பீட்டில்ஸின் அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட் இரண்டு வருடம் கூடவே வாசித்தவர். முதல் தட்டு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1962 ஆகஸ்டில், அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். உங்கள் மகனும் டிரம்மர்தான். எனக்குத் தெரிந்த ஒரு குழு, பொதுப் பணத்தில் வாங்கிய கீபோர்டு யாருக்கு என்ற சண்டையில் கலைந்தது. நல்ல பையன்கள், இன்றைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. குழுவின் பெயர் யாருடையது, எந்தப் பாட்டை யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், ஒருவர் விலகினால் என்ன பங்கு என்பதை நாலு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பெற்றவர்களும் கூட உட்காருங்கள். நாளைக்கு யாராவது "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று ஒரு காகிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் என்னிடம் கொண்டு வரட்டும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தப்படி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில், உரிமையை வாங்கியவரோடு சமபங்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக் கொடுக்க முடியாது.

சரி, படிப்பு. பிளஸ் டூ முடிக்கட்டும், அதில் பேச்சே இல்லை. அதன் பிறகு என் விருப்பம், சென்னை தரமணியில் இருக்கிற எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்பு. மேடையில் கிடைக்காத சோறு மிக்ஸிங் அறையில் கிடைக்கும். அது அமையாவிட்டால் பக்கத்திலேயே ஒரு டிகிரி சேர்ந்துகொண்டு, லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற, படிப்படியான இசைத் தேர்வுகளை (கிரேடு) ஒவ்வொன்றாக எழுதட்டும், பள்ளிகளில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்க உதவும். தஞ்சாவூரைத் தாண்டினால் திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. லயக் கணக்குப் பிடிபட அவன் கொஞ்ச நாள் தவிலோ மிருதங்கமோ கற்றுக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

குறுவை அறுத்த காசில் புது டிரம் செட் வாங்காதீர்கள். சம்பா செலவு தலைக்கு மேல் இருக்கிறது. இப்போதைக்குத் தட்டிப் பழக ரப்பர் பேடு ஒன்று போதும், வீட்டிலும் சத்தம் இருக்காது. பரீட்சை முடிந்ததும் பழைய செட் ஒன்று பார்க்கலாம், பாதிப் பணம் அவன் கச்சேரிக் காசிலிருந்து வரட்டும். ஆனால் காதில் வைக்கிற அடைப்பானை இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள். கச்சேரி முடிந்த ராத்திரி காதில் ரீங்காரம் கேட்கிறதாம், சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பகீரென்றது. கெட்ட செவி திரும்பி வராது.

விஜயதசமி அன்று பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் வாசிக்கிறான். இதுவரை ஒரு தடவைகூட நீங்கள் வந்து கேட்டதில்லை என்று சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது. போய்விட்டு வாருங்கள் ஐயா. முன்வரிசையில் உட்கார வேண்டாம், ஜெனரேட்டர் பக்கம் நின்றால் போதும். கூட்டம் கலைந்த பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். ஒயர் சுற்றி, ஸ்டாண்டு கழற்றி, வேனில் ஏற்றும்வரை யார் நிற்கிறார்கள், யார் நழுவுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று அடுத்த சனிக்கிழமை வந்து எனக்குச் சொல்லுங்கள்.