பக்கவாதத்தில் விழுந்த கையை மீட்கும் சிகிச்சைக்கும் குரங்குக் குட்டிகளுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு எட்வர்ட் டவுப் என்ற அமெரிக்க உளவியலாளர் மூலம் வருகிறது. குரங்கின் ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்புகளை வெட்டினால், அசைக்கும் நரம்புகள் நன்றாக இருந்தாலும் அது அந்தக் கையைத் தொங்கவிட்டுவிடும். உணர்வு இல்லாமல் அசைவு இல்லை என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். டவுப் நல்ல கையைக் கட்டிப்போட்டார். குரங்கு 'செத்த' கையால் உணவை எடுத்தது! பிறந்த அன்றே இரு கைகளிலும் உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குட்டிகளும் வளர வளர அவற்றை ஊன்றி நடந்தன, எட்டிப் பிடித்தன.

அப்படியானால் கை ஏன் முடங்கியது? அறுவைக்குப் பிந்தைய நாட்களில் அந்தக் கையால் முயன்றால் உணவு நழுவும், உடல் சரியும். இன்னொரு கையால் வேலை நடந்துவிடும். அப்புறம் திறன் திரும்பினாலும் குரங்கு முயல்வதே இல்லை. பயன்படுத்தாமலிருக்கப் பழகிவிட்டது.

இதையே மனிதருக்குக் கொண்டுவந்தார். நல்ல கைக்குக் கனத்த உறை. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் வரை, இரண்டு வாரம். கூடவே தினமும் பலமணிநேரப் பயிற்சி. 2006இல் 222 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பலன் ஓராண்டு கழித்தும் நிலைத்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் சற்றாவது தானாக நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது பொருந்தும்.

1981இல் அவருடைய ஆய்வகக் குரங்குகளின் மோசமான நிலை வெளியே தெரிந்து, அவர்மீது விலங்குக் கொடுமை வழக்கானது; தண்டனை பின்னர் ரத்தானது. அந்த விலங்குகள் பட்ட துன்பத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.