சளி கல்ச்சரில் கிருமியை அடையாளம் காண்பது: கேள்வி பதில்

அம்மாப்பேட்டை, லேப் டெக்னீஷியன்: மேடம், பிளட் அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்பு மீடியா) காலனியைச் (கிருமி வளர்ந்த புள்ளி) சுற்றிப் பச்சை படர்ந்தால் நிமோகாக்கஸ் (நிமோனியா தரும் கிருமி) என்று ரிப்போர்ட் கொடுத்துவிடலாமா?

கூடாது. தொண்டையில் சாதாரணமாகவே குடியிருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அதே பச்சையைத்தான் காட்டும். பிளேட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு நாள் தாண்டிய நிமோகாக்கஸ் காலனி கேரம் காய் மாதிரி நடுவில் குழிந்து, விளிம்பு தூக்கி இருக்கும். நடுவிலுள்ள செல்கள் தாமே கரைவதால் வரும் குழி அது. கிராம் சாயம் (கிருமியை ஊதா, சிவப்பு என்று பிரித்துக் காட்டும் சாயம்) போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊதா நிற ஜோடிகளாக, வெளிமுனை கூர்ந்து தெரியும். அடுத்து, 5 மைக்ரோகிராம் ஆப்டோசின் (நிமோகாக்கஸைத் தடுக்கும் மருந்து) டிஸ்க் (6 மி.மீ.) வைத்து, 5% கார்பன் டை ஆக்சைடில் 35 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் நிமோகாக்கஸ். வெறும் காற்றில் வைத்தால் வளையம் பெருத்துவிடும், இந்தக் கணக்கு செல்லாது. 7 முதல் 13 வரை வந்தால் 10% சோடியம் டீஆக்ஸிகோலேட் ஒரு சொட்டைக் காலனிமேல் விட்டு, உலரும்வரை 35 டிகிரியில் வையுங்கள். நிமோகாக்கஸ் என்றால் காலனி கரைந்து தட்டையாகும்.

இதற்கெல்லாம் முன்னால், வந்திருப்பது சளியா எச்சிலா என்று பாருங்கள். மைக்ரோஸ்கோப்பின் லோ பவரில் ஒரு ஃபீல்டுக்குத் தட்டை எபிதீலிய செல் 10-க்குக் கீழ், சீழ் செல் 25-க்கு மேல் இருக்க வேண்டும். எச்சிலைக் கல்ச்சர் போட்டால் வாயில் இருப்பதுதான் வளரும்.

ஓமலூர்: அப்பாவுக்குச் சளி பச்சையாக வருகிறது. என்ன கிருமி?

நிறத்தை வைத்துக் கிருமியைச் சொல்ல முடியாது. அந்தப் பச்சை வெள்ளணுக்களின் நொதியிலிருந்து வருவது. டாக்டரிடம் காட்டுங்கள்; மூச்சு வாங்கினால் இன்றே.

ஆத்தூர், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னாலஜி டிப்ளமோ) மாணவி: கிராமில் சின்னச் சின்ன சிவப்புக் குச்சிகள் தெரிந்தன, செம்மறி பிளட் அகாரில் ஒன்றுமே வளரவில்லை.

ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சாவாக இருக்கலாம் அம்மா. அதற்கு எக்ஸ் (ஹீமின்), வி (என்ஏடி) இரண்டு காரணிகளும் வேண்டும். செம்மறி ரத்தத்திலுள்ள நொதி வி காரணியை அழித்துவிடும். சாக்லேட் அகார் போடுங்கள்: ரத்தம் கலந்த மீடியாவை 80 டிகிரியில் அசைத்தபடி பழுப்பு நிறம் வரும்வரை சூடாக்கினால் அந்த நொதி செத்துவிடும், செல்லுக்குள் இருக்கும் வி வெளியே வரும். கொதிக்க விடாதீர்கள், வி-யும் போய்விடும். சாக்லேட் இல்லையா? பிளட் அகாரில் தீற்றி, குறுக்கே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே கோடு இழுத்து கேண்டில் ஜாரில் (மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய ஜாடி) வையுங்கள். அது வி-யை வெளிவிடுவதால் கோட்டை ஒட்டி மட்டும் பொடிக் காலனிகள் வரும்.

சங்ககிரி: ஆட்டு ரத்தத்துக்கு எதற்கு அலைய வேண்டும்? பிளட் பேங்கில் காலாவதியான பை கிடைக்கிறதே. எல்லாம் டெஸ்ட் ஆன ரத்தம்தானே?

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டெஸ்ட் ஆனாலும் கொடுத்தவரின் ஆன்டிபாடி அதில் இருக்கும், அவர் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் இருக்கலாம். பையிலுள்ள சிட்ரேட்டும் குளுக்கோஸும் வேறு. காலனி சிறுக்கும், ஹீமோலைசிஸ் (காலனியைச் சுற்றி ரத்தத்தில் வரும் நிறமாற்றம்) மங்கும்.

சங்ககிரி: எங்களுக்கு வளரத்தான் செய்கிறது.

கிளெப்சியெல்லா மாதிரிக் கிருமி எதில்தான் வளராது? வழவழவென்று வழிகிற காலனியாக வந்து நிற்கும். நிமோகாக்கஸ் எத்தனை தவறியது என்பது உங்கள் பிளேட்டில் தெரியாது. தெரிந்த நிமோகாக்கஸ் ஸ்ட்ரெயின் ஒன்றை இரண்டு பிளேட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

மேச்சேரி: எங்கள் ஊர் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, முடிதான். ரத்தம் சரிப்படுமா?

தாராளமாக. கண்ணாடி மணி போட்ட ஸ்டெரைல் குடுவையில் பிடித்து, ஃபைப்ரின் திரளும்வரை ஆட்டுங்கள். அகார் 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியபின் 5% ரத்தம் கலக்குங்கள். சூட்டில் ஊற்றினால் செல் உடையும்.

ஏற்காடு: ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் வைத்தும் மீடியா கெடுகிறது.

மலைமேல் காற்றழுத்தம் குறைவு. கேஜ் 15 காட்டினாலும் உள்ளே சுமார் 118 டிகிரிதான். 1000 அடிக்கு அரை பவுண்டு கூட்டுங்கள். உங்கள் 5000 அடிக்குப் பதினேழரை. அந்த அழுத்தத்துக்குச் செய்த ஆட்டோகிளேவில் மட்டும். வீட்டுக் குக்கரில் கூட்டாதீர்கள். ஸ்போர் ஸ்ட்ரிப் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்து தடவிய தாள்) போட்டு உறுதி செய்யுங்கள்.

மேட்டூர்: மஞ்சள் சளி என்றால்?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

சேலம் டவுன்: எச்சிலில் கல்ச்சர் போட்டு கேண்டிடா (ஒரு வகைப் பூஞ்சை) வந்தது. நிமோனியாவா?

எச்சிலை ஏன் போட்டீர்கள்? காலையில் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி எடுத்த சளியை இரண்டு மணி நேரத்துக்குள் வாங்குங்கள்.

அம்மாப்பேட்டை: மைக்கோபிளாஸ்மா என்ற நிமோனியாக் கிருமி கிராமில் எப்படித் தெரியும்?

தெரியாது. அதற்குச் செல் சுவரே இல்லை, சாயம் பிடிக்காது. பெனிசிலின் வகை மருந்தும் கேட்காது. பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) அனுப்புங்கள்.