மேசை மேல் போர்க்களம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் மேசைப் போர் விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம்ம கொங்குப் பக்கத்திலிருந்து. புதிதாகப் படிப்பவர்களுக்கு: விரலளவுப் பொம்மைச் சிப்பாய்களை அணியணியாக மேசையில் நிறுத்தி, இஞ்சு டேப்பால் அளந்து நகர்த்தி, டைஸ் உருட்டி, நடந்து முடிந்த போர்களை மறுபடி ஆடிப் பார்ப்பதுதான் விஷயம். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். ஒருத்தன் இரண்டாம் உலகப் போர் என்கிறான், ஒருத்தன் நெப்போலியன், இன்னொருத்தனுக்குச் சோழர் படை, எனக்குத் திப்பு சுல்தான். ரூல்ஸ் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. முதலில் எதை வாங்குவது?
(கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் வாங்காதீர்கள். எந்தப் போர் என்பது அப்புறம். மேசையில் நீங்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முப்பது பேரை வைத்துக்கொண்டு 'நீ அந்தக் கிணற்று மேட்டுக்குப் பின்னால் போய்ப் படு' என்று சொல்கிற சுபேதாரா? நாலைந்து பட்டாலியனும் கொஞ்சம் குதிரையும் வைத்திருக்கிற பிரிகேட் தளபதியா? இல்லை, மொத்தப் படைக்கும் தலைவரா? ரூல்ஸ் பிடிக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் குழப்பம்தான்: அட்டையில் 'நீங்கள்தான் ஜெனரல்' என்று போட்டிருப்பார்கள், உள்ளே போனால் எந்தப் படைப்பிரிவு துப்பாக்கியில் குண்டு போட்டுவிட்டது, எது போடவில்லை என்று நீங்களே கணக்கு வைத்திருக்க வேண்டும், எந்த ஜெனரல் ஐயா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்? அதனால் ஒரே ஒரு டர்ன் (ஆளுக்கு ஒரு முறை நகர்த்துவது) ஆடிப் பார்த்து, எடுத்த முடிவுகளைத் தாளில் எழுதுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற பதவிக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகள் அதில் பாதிகூட இல்லை என்றால் அந்த ரூல்ஸ் உங்களுக்கு ஆகாது.

இரண்டு உதாரணம். 1990ல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்' பழங்காலத்துக்கும் இடைக்காலத்துக்குமானது. ஒரு தரப்புக்கு 12 துண்டுகள்தான் (ஒரு பிரிவின் பொம்மைகளை ஒட்டிய தட்டுதான் ஒரு துண்டு), யானைக்கும் இடம் உண்டு, ஒரு மணி நேரத்தில் முடியும். டர்னுக்கு ஒரு டைஸ், விழுந்த எண்ணுக்குத் தக்கபடிதான் நகர்த்த முடியும். ஒன்று விழுந்தால் ஒரே ஒரு துண்டையோ, ஒட்டி நிற்கிற ஒரு கூட்டத்தையோதான். மொத்தப் படைக்கும் தலைவராக இருப்பதன் கடுப்பு முழுசாகக் கிடைக்கும். 'பிளாக் பவுடர்' மஸ்கெட் (குழாய் வாய்வழியே மருந்து போட்டுச் சுடுகிற பழைய துப்பாக்கி) காலத்துக்கு. தளபதிக்கு ஒரு தர எண் இருக்கும், கட்டளையைச் சொல்லிவிட்டு இரண்டு டைஸ் உருட்டி அந்த எண்ணுக்குள் வந்தால்தான் படை அசையும். தரம் 7 என்றால் 36ல் 21 முறை கேட்பார்கள், 8 என்றால் 26, 9 என்றால் 30. பார்க்க ஒரு புள்ளி வித்தியாசம்தான், ஆனால் கட்டளை எடுபடாமல் போவது 36ல் 15லிருந்து 10ஆகி, பிறகு 6ஆகிவிடுகிறது. சிப்பாய்களைத் தொடாமலேயே ஒரு படையை மந்தமாகவோ துடிப்பாகவோ ஆக்க இதைவிட எளிய வழி நான் பார்த்ததில்லை.

உங்கள் நாலு பேருக்கு? நெப்போலியனுக்கும் திப்புவுக்கும் மஸ்கெட், பீரங்கி, குதிரை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே ரூல்ஸில் இரண்டு பேரின் ஆசையும் அடங்கிவிடும். பிரிகேட் அளவில் ஆடினால் பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பிரிவு, யாரும் சும்மா உட்கார வேண்டாம். சோழர்காரரை அடுத்த தீபாவளி வரை காத்திருக்கச் சொல்லுங்கள். உலகப் போர்க்காரர் எப்படியும் தனியாக ஒரு படையை வாங்கத்தான் போகிறார், அவர்களைத் தடுக்க முடியாது.

கேள்வி: பொம்மை விலையைப் பார்த்தாலே மயக்கம் வருதுங்க. இது பணக்காரர்கள் விளையாட்டுத்தானா?
(திருப்பூர் வாசகர்)

பதில்: அட்டையைச் சதுரமாக வெட்டி 'குதிரை' என்று எழுதி ஆடுங்கள், ரூல்ஸுக்கு முகம் தெரியாது. பிடித்துப்போனால் 1/72 அளவு பிளாஸ்டிக் பெட்டி, அதற்கும் மேலே போனால் கோவையில் 3டி பிரின்ட் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம், இரண்டு தரப்பிலும் பொம்மைகளை ஒட்டுகிற அடித்தட்டின் அகலம் ஒரே அளவாக இருக்கட்டும், அதை நடுவில் மாற்ற நேர்ந்தால் ஒட்டியதையெல்லாம் பிய்க்க வேண்டும். தரைக்குப் பச்சைச் சாயம் போட்ட பனியன் துணி உங்கள் ஊரில் கிலோ கணக்கில் கிடைக்கும். அடித்தட்டில் மண்ணுக்குப் பதில் பொள்ளாச்சி தேங்காய் நார்த்தூளைப் பசை மேல் தூவிக் காவி அடித்தால் காங்கேயம் செம்மண் மாதிரியே இருக்கும்.

கேள்வி: ஆறு போர் கொண்ட கேம்பெயின் (ஒரு போரின் முடிவு அடுத்த போருக்கும் தொடர்கிற தொடர் ஆட்டம்) என்று ஆரம்பித்தோமுங்க. முதல் போரில் ஜெயித்தவர் படை பெருத்துவிட்டது, இரண்டாவதில் எதிராளியைத் துடைத்துப் போட்டுவிட்டார், மூன்றாவதற்கு ஆளே வரவில்லை. எங்கே கோளாறு?
(பெருந்துறை வாசகர்)

பதில்: ஆறு என்பதே அதிகம். மூன்று போர், ஒரு கடைசித் தேதி, அவ்வளவு போதும். ஆனால் கோளாறு அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. தனி ஆட்டத்தில் எல்லோரும் கடைசிச் சிப்பாய் வரை அடித்துக்கொள்வார்கள், நாளைக்கு என்று ஒன்று இல்லையே. தோற்கப்போகிறவர் 'இப்போதே படையைக் காப்பாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாமா' என்று யோசிக்க வேண்டும், அதற்குத்தான் கேம்பெயின். உங்கள் ஆட்டத்தில் அவருக்குப் பின்வாங்கி என்ன லாபம்? ஒன்றுமில்லை, அதனால் நின்று செத்தார்.

மேசையிலிருந்து எடுத்த பொம்மையெல்லாம் செத்த ஆள் இல்லை. ஓடிப்போனவர், காயம்பட்டவர், காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு பேர், எல்லாம் அதில் சேர்த்தி. மூன்றில் ஒரு பங்கு மறுநாளே திரும்பட்டும், ஒரு பங்கு ஒரு வாரம் கழித்து, மீதிதான் நிஜ இழப்பு. களத்தை விட்டு ஒழுங்காகப் பின்வாங்கியவருக்கு இதே கணக்கு, சிதறி ஓடியவருக்கு மறுநாள் பங்கு கிடையாது. இந்த ஒரு விதியே ஆட்களின் நடத்தையை மாற்றிவிடும்.

ஜெயித்தவருக்கும் தலைவலி வேண்டும். 1791 மே மாதம் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், அரகெரேயில், திப்புவின் படையை ஜெயித்தார், கோட்டை கண்ணுக்கு எதிரே நின்றது. ஆனால் வண்டி மாடுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன, தானியம் இல்லை, கடைசியில் தன் கையாலேயே கனப் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். போரில் ஜெயித்தும் மாடு இல்லாததால் தோற்ற கதை. உங்கள் கேம்பெயினிலும் கிடங்கிலிருந்து மூன்று நாள் நடைக்கு மேல் போகிற படைக்குத் தினமும் ஒரு டைஸ், 1 விழுந்தால் ஒரு பீரங்கி பின்தங்கும் என்று வையுங்கள். ஜெயித்தவர் முன்னேற முன்னேற மெலிவார், தோற்றவர் கிடங்குப் பக்கம் ஒதுங்க ஒதுங்கத் தேறுவார், மூன்றாவது போருக்கு இரண்டு பேரும் வருவார்கள்.

இன்னொன்று: படைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கணக்கு எழுதவே கூடாது. நான் பார்த்தவரை கேம்பெயின்கள் தோல்வியால் சாவதைவிட நோட்டுப் புத்தகத்தால் சாவதுதான் அதிகம்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே 1790ல் பெரிய சண்டை நடந்ததாகச் சொல்கிறார்கள். அதை கேம்பெயினாக ஆட முடியுமா? எதிராளி எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் ஆட வழி உண்டா?
(சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: நடந்தது மட்டுமா, கேம்பெயினுக்கு என்றே செய்து வைத்த மாதிரி நடந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் கம்பெனிப் படை மூன்றாகப் பிரிந்து கிடந்தது: ஜெனரல் மெடோஸ் கோயமுத்தூரில், கர்னல் ஃபிளாய்ட் உங்கள் ஊரில், கர்னல் ஸ்டூவர்ட் பாலக்காட்டுப் பக்கம். திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்தார். 13ஆம் தேதி சத்தியமங்கலத்தில் மோதல். அப்புறம் ஃபிளாய்ட் தெற்கே பின்வாங்க, மைசூர்ப் படை விடாமல் துரத்த, பீரங்கிகளைக்கூட வழியில் விட்டுவிட்டுப் போக வேண்டிவந்தது. மூன்று பங்கும் ஒன்று சேர்வதற்குள் ஒன்றையாவது முடித்துவிட முடியுமா என்பது திப்புவின் கேள்வி, அதற்குள் சேர்ந்துவிட முடியுமா என்பது எதிர்ப்பக்கத்தின் கேள்வி. சேனை முழுசும் மேசைக்கு வரவே வேண்டாம், பாதி ஆட்டம் வரைபடத்திலேயே முடிந்துவிடும்.

மறைத்து ஆடுவதற்குப் பழைய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி தீப்பெட்டி. காலிப் பெட்டிகளை வரிசையாக ஒட்டி ஒரு குட்டி அலமாரி செய்யுங்கள், வரைபடத்தின் ஒரு கட்டத்துக்கு ஒரு பெட்டி. கட்டம் 16 கிலோமீட்டர், அதாவது பீரங்கியோடு போகிற படைக்கு ஒரு நாள் நடை. பாலக்காட்டிலிருந்து கரூர் வரை குறுக்கே பத்து, கஜலட்டியிலிருந்து தாராபுரம் வரை நெடுக்கே ஆறு, ஆக 60 பெட்டி. கோவைக்கும் சத்திக்கும் நடுவே நாலு நாள், கோவைக்கும் பாலக்காட்டுக்கும் மூன்று. இரண்டு தரப்பும் இன்றைக்கு யார் எங்கே என்று சீட்டு எழுதித் தர வேண்டும், நடுவர் அதை அந்தந்தப் பெட்டியில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். ஒரே பெட்டியில் இரண்டு தரப்புச் சீட்டும் இருந்தால் போர், அடுத்தடுத்த பெட்டி என்றால் 'வடக்கே புழுதி தெரிகிறது' என்று மட்டும் சொல்வார். மெடோஸ், ஃபிளாய்ட் இரண்டையும் இரண்டு பேர் ஆடினால் இன்னும் நல்லது, பேசிக்கொள்ளக் கூடாது, கடிதம்தான், அதையும் நடுவர் இரண்டு டர்ன் கழித்துத்தான் கொடுப்பார். கடிதம் கைக்கு வரும்போது எழுதியவர் வேறெங்கோ இருப்பார், அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வரைபடத்தை இன்றைய போன் மேப்பிலிருந்து அப்படியே எடுத்துவிடாதீர்கள். அதில் தெரிகிற பவானிசாகர் நீர்த்தேக்கம் 1950களில் வந்தது, அன்றைக்கு அந்த இடத்தில் டணாய்க்கன்கோட்டை இருந்தது, இப்போது தண்ணிக்குள் கிடக்கிறது. கீழ்பவானி வாய்க்காலும் கிடையாது, அதனால் இன்று நெல்லும் மஞ்சளும் நிற்கிற பெரிய பரப்பு அன்றைக்கு மேட்டாங்காடு, குதிரைக்கு நல்ல தரை. சேற்று வயல் என்று நீங்கள் நீலம் தீட்ட வேண்டியது கொடிவேரிப் பாசனத்தையும் காலிங்கராயன் வாய்க்காலையும் ஒட்டி மட்டும். அங்கே குதிரைக்குப் பாதி வேகம். பவானியில் எந்தத் துறையில் இறங்கலாம் என்பதை அன்றன்றைக்கு நடுவர் டைஸ் உருட்டிச் சொல்லட்டும், மேற்கே மழை பெய்கிற மாதம் அது.

கேள்வி: என் மச்சான் ரூல்புக்கை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி வாதாடுகிறார். ஞாயிற்றுக்கிழமையே போகிறது.
(பவானி வாசகர்)

பதில்: இது ரொம்பப் பழைய வியாதி. 1824ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போட்ட போர் விளையாட்டு விதிகளில் ஒரு டர்ன் என்பது களத்தில் இரண்டு நிமிஷம்தான், ஆனால் அட்டவணை பார்த்துப் பார்த்தே பொழுது போய்விடும். 1876ல் வெர்டி டு வெர்னுவா என்பவர் அட்டவணையைத் தூக்கிப் போடு, அனுபவப்பட்ட நடுவர் சொன்னதே தீர்ப்பு என்றார். உங்களுக்கு நடுவழி: ஒரு நிமிஷம் தேடு, கிடைக்கவில்லையா, டைஸ் உருட்டு, 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஆமாம், போய்க்கொண்டே இரு. இல்லாவிட்டால் மச்சானையே நடுவர் ஆக்கிவிடுங்கள், மாப்பிள்ளை மரியாதையும் கொடுத்த மாதிரி ஆச்சு.

கேள்வி: பள்ளியில் தீரன் சின்னமலையின் போர்களை மாணவர்களோடு ஆட நினைக்கிறேன். கம்பெனிப் பக்கம் ஆட ஒருத்தரும் கை தூக்கவில்லை!
(ஆசிரியை, காங்கேயம்)

பதில்: தூக்க மாட்டார்கள், டீச்சர். சங்ககிரியில் 1805ல் தூக்கில் போட்டவர்கள் பக்கம் நம்மூர்ப் பிள்ளைகள் எப்படி உட்காரும்? அதனால் கம்பெனியை நீங்களே ஆடுங்கள், இல்லை முன்கூட்டியே எழுதி வைத்த கட்டளைச் சீட்டுகள் ஆடட்டும். 1801 காவிரிக்கரை, 1802 ஓடாநிலை, 1804 அறச்சலூர் என்று நம் பக்கம் சொல்லிவருகிற வரிசை மூன்று போர் கேம்பெயினுக்கு அப்படியே பொருந்தும். இரண்டு பக்கத்துக்கும் சம புள்ளி கொடுத்துச் சமப்படுத்த வேண்டாம். கம்பெனிக்குப் பீரங்கியும் ஆளும் அதிகம்தான், இருக்கட்டும். வெற்றி எது என்பதை மாற்றுங்கள்: கம்பெனி இத்தனை டர்னுக்குள் கோட்டையைப் பிடிக்க வேண்டும், சின்னமலை தரப்பு ஆட்களைக் குலையாமல் வெளியே கொண்டுபோனால் போதும். ஓடாநிலையில் மண்சுவருக்குள்ளேயே நிற்பதா, பீரங்கி வருவதற்குள் கிளம்புவதா என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் பாருங்கள், பாடம் அங்கே இருக்கிறது.

கேள்வி: மைசூர் ராக்கெட்டுக்கு நல்ல விதி சொல்லுங்கள். எங்கள் ஆட்டத்தில் அது பீரங்கியைவிடப் பயங்கரமாக இருக்கிறது.
(கோவை வாசகர்)

பதில்: அப்படி இருக்கக் கூடாது. இரும்புக் குழாய்க்குள் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டி விடுகிற சாமான், எங்கே போகும் என்று விடுகிறவருக்கே முழுசாகத் தெரியாது. 1780ல் பொள்ளிலூரில் கம்பெனியின் வெடிமருந்து வண்டி வெடித்ததற்கு ராக்கெட்டைக் காரணம் சொல்வார்கள், ஆனால் அதை வழக்கமாக வைத்துவிடாதீர்கள். குறிவைத்த இடத்திலிருந்து ஒரு டைஸால் திசையும் இன்னொன்றால் இஞ்சுக் கணக்கில் விலகலும் பாருங்கள். விழுந்த இடத்தில் ஆளை எடுக்க வேண்டாம், அங்கே நிற்கிற படை மனவுறுதிச் சோதனை (நிற்குமா ஓடுமா என்று டைஸ் உருட்டிப் பார்ப்பது) எடுக்கட்டும், குதிரைக்கும் பீரங்கி இழுக்கிற மாட்டுக்கும் ஒரு புள்ளி கூடுதல் கஷ்டம். ராத்திரி ஆட்டம் என்றால் இரண்டு புள்ளி. ஆறும் ஆறும் சேர்ந்து விழுந்து, பக்கத்தில் மருந்து வண்டியும் நின்றால் மட்டும் வண்டி போச்சு. விலகல் நம்ம ஆள் மேலேயே வந்து விழுந்தால் சோதனை நம்ம ஆளுக்குத்தான், அதில் சலுகை கேட்கக் கூடாது.