பட்டியலில் இல்லாத பெயர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் என் கையில் வைத்துவிட்டுப் போனீர்களே ஒரு தாள், அதை வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கழற்ற முன்னமே விரித்துப் பார்த்தேன். தம்பி என்று நாம் கூப்பிடுகிற உங்கள் மகனின் உதைபந்தாட்டக் கழகம் கொடுத்த மதிப்பீடு. டேனிஷில் மூன்றே வரி. கடுமையாக உழைக்கிறான். வேகம் போதாது, ஆகவே அடுத்த பருவத்துக்கான முதல் அணியில் இடமில்லை. ஒரு போட்டியில் பாதியிலேயே தன்னை வெளியே எடுக்கும்படி தானாகவே கேட்டான். அதற்குக் கீழே பென்சிலில் உங்கள் கையெழுத்து: "இனிப் போதும் என்று சொல்லவா?" அதற்கும் கீழே நீலப் பேனையில் அண்ணி: "கணிதத்தில் 4."

அண்ணியின் வரியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த டென்மார்க் நாட்டுப் புள்ளித் திட்டத்தில் -3, 00, 02, 4, 7, 10, 12 என்று ஏழே படிகள். 02 எடுத்தாலே சித்தி. 4 என்பது அதற்கு மேல் ஒரு படி. பன்னிரண்டுக்கு நாலு என்று ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லி அவரையும் அழவைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை யாராவது கூட இருந்து கணக்குச் செய்வித்தால் இந்த 4, 7 ஆக மாறுவது நடக்கக்கூடிய காரியம்தான்.

உங்கள் பென்சில் வரிக்குத்தான் நீளமான பதில் வேண்டியிருக்கிறது.

நீங்கள் இருக்கிற ஹேர்னிங்கிலிருந்து காரில் கால்மணி நேரம் போனால் இக்காஸ்ட். அந்த இரண்டு ஊர்க் கழகங்களும் 1999இல் ஒன்றாகித்தான் எஃப்சி மிட்யூலண்ட் உண்டானது என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கழகம் 2004இல் பிள்ளைகளுக்கென்று ஓர் அக்கடமி தொடங்கியது. அப்படியொன்று அதற்கு முன் டென்மார்க்கில் இல்லை. முதல் வருடம் சேர்ந்தவர்களில் ஹோர்சென்ஸ் பக்கத்துப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் சிமோன் கியேர். அவனைத் தேடிப் பிடித்து யாரும் கூட்டிவரவில்லை. ஓர் இடம் மிஞ்சியிருந்தது. பையனின் தகப்பன் அந்தக் கழகத்திலேயே உடுப்பு, பந்து, சப்பாத்து எல்லாம் பார்க்கிற வேலையில் இருந்தார். சரி, இவரின் மகனையே சேர்த்துவிடுவோம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து அங்கே ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. இந்தப் பிள்ளைகளில் மிகத் தூரம் போகக்கூடிய ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள் என்று பயிற்சியாளர்களிடம் கேட்டார்கள். எல்லாரும் எழுதினார்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள், தங்கள் தொழிலில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள். ஒருவரின் தாளிலும் கியேரின் பெயர் இல்லை.

அந்தப் பையன்தான் பிறகு 132 போட்டிகளில் டென்மார்க்குக்காக ஆடினார். பழைய கோல்காப்பாளர் பீட்டர் ஸ்மைக்கலின் 129 என்ற கணக்கைத் தாண்டினார். தேசிய அணிக்குத் தலைவராக இருந்தார்.

இவ்வளவும் சொன்னது "உங்கள் மகனும் ஒரு நாள்" என்று ஏற்றிவிடுவதற்காக இல்லை. பெற்றோருக்கு அப்படி எழுதுகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்தப் பட்டியல்களில் பெயர் இருந்த பிள்ளைகள் எத்தனை பேரை உங்களுக்கோ எனக்கோ தெரியும்? பதினைந்து வயதில் அக்கடமியில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் உதைபந்தால் சாப்பிடப் போவதில்லை. கியேரின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய ஒன்று. தொழில் தெரிந்தவர்கள் கண்ணால் பார்த்து எழுதிய மதிப்பீடுகூட அன்றைய நாளின் மதிப்பீடுதான். உங்கள் கையில் இருக்கிற தாளும் இந்தப் பருவத்தைப் பற்றித்தான் பேசுகிறது. பென்சிலால் எழுதியபோது நீங்கள் அதைச் சாதகக் குறிப்பாக வாசித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள், கோயில் வாசலில், சப்பாத்து மாட்டிக்கொண்டே. "மூன்று வருடத்தில் மூன்று கழகம் மாறிவிட்டான், நிலையில்லாத பிள்ளை." நீங்கள் இங்கு வந்த நாளிலிருந்து ஒரே தொழிற்சாலையில் நிற்கிறவர். அகதியாக வந்த நம்முடைய தலைமுறைக்கு, பிடித்த கொப்பை விடாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழியாக இருந்தது. அதனால் மாறுகிறவனைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. கியேரின் தொழில் வரலாற்றை, ஒரு வேலை விண்ணப்பத்தைப் பார்க்கிற கண்ணோடு உங்களுக்காகப் பார்த்தேன். ஒன்பது கழகம், ஆறு நாடு. நம்முடைய ஆட்கள் யாராவது இப்படியொரு விண்ணப்பத்தோடு வந்தால் நானே இரண்டு தரம் யோசிப்பேன்.

2008இல், 19 வயதில், சுமார் 40 இலட்சம் யூரோவுக்கு இத்தாலியின் பலேர்மோவுக்குப் போனார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. 2010இல் ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க் கிட்டத்தட்ட 1 கோடியே 20 இலட்சம் கொடுத்து வாங்கியது. முந்திய வருடம்தான் ஜேர்மன் லீக் பட்டத்தை எடுத்த கழகம். பெரிய ஏற்றம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவர் போய்ச் சேர்ந்த பருவத்தில் அந்த அணி பதினைந்தாம் இடத்துக்கு இறங்கி, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படாமல் மயிரிழையில் தப்பியது. அடுத்த வருடம் இரவல் ஒப்பந்தத்தில் ரோமாவுக்கு. 2011 ஒக்டோபரில் நகரத்துப் பரம எதிரியான லாட்சியோவோடு போட்டி. ரோமா முன்னிலையில் இருந்தபோது கியேர் எதிரணி வீரர் ஒருவரைப் பெட்டிக்குள் வீழ்த்தினார். தண்டனை உதை, சிவப்பு அட்டை, இரண்டும் ஒரே நிமிடத்தில். அதிலே ஆட்டம் சமனாகி, கடைசி நிமிடத்தில் தோல்வியாகவும் முடிந்தது. பருவ முடிவில் ரோமா அவரை வைத்துக்கொள்ளவில்லை. திரும்ப வொல்ஃப்ஸ்பேர்க்.

இந்த இடத்தில் நின்று பாருங்கள், அண்ணா. வயது 23. வாங்கிய கழகத்துக்கு அவர் பெரிய தேவை இல்லை, இரவல் வாங்கிய கழகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. இந்த நிலையில் உள்ள ஒரு பிள்ளையைப் பற்றித் தமிழ்க் கடையில் வரிசையில் நிற்கும்போது நாம் என்னவெல்லாம் பேசுவோம்!

2013இல் பிரான்ஸின் லீல் கழகம் எடுத்தது. போட்ட பணமும் குறைவு, பெயரும் சின்னது. ஆனால் பின்வரிசையில் ஒவ்வொரு வாரமும் நிற்க இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் லீல் மூன்றாம் இடத்துக்கு வந்தது. பிறகு துருக்கியில் இரண்டு வருடம், ஸ்பெயினின் செவில்லாவில் இரண்டு வருடம். 2019இல் இத்தாலியின் அட்டலாண்டாவுக்கு இரவல், அங்கே ஆடக் கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய போட்டிகள்தான். அந்த டிசம்பரில் அட்டலாண்டா ஏசி மிலானை 5-0 என்று வென்றது. மூன்று வாரம் கழித்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அந்த டேனிஷ்காரரைத்தான் தோற்ற மிலான் கூப்பிட்டது. முப்பது வயதில். மறுபடியும் இரவல். அரை வருடத்தில் நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். 2022இல் மிலான் 11 வருடத்துக்குப் பிறகு இத்தாலிய லீக் பட்டத்தை எடுத்தபோது அவர் அந்த அணியில்தான் இருந்தார், டிசம்பரிலேயே முழங்கால் சவ்வு கிழிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட நிலையில்.

எண்ணிப் பாருங்கள், இத்தாலியில் மட்டும் நான்கு கழகங்களுக்கு ஆடியிருக்கிறார். ரோமாவில் நடந்ததைப் பார்த்து "இத்தாலி எனக்கு ஒத்துவராது" என்று அவரும் பென்சிலால் எழுதி வைத்திருந்தால் மிலான் இல்லை. மாறினார் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. மாறியபோது எதைத் தேடி மாறினார் என்பதைத்தான் பார்க்கிறேன். பெயருக்காகப் போன இடங்களில் சறுக்கியிருக்கிறார், ஆடக் கிடைத்த இடங்களில் வளர்ந்திருக்கிறார். தம்பியும் மூன்று கழகம் ஏன் மாறினான் என்று ஒருமுறை கேளுங்கள், விசாரணை மாதிரி இல்லாமல், காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. ஆடக் கிடைக்காததால் மாறினான் என்றால் அது ஒரு கதை. திட்டு வாங்கியதால் மாறினான் என்றால் அது வேறு கதை, அதைத்தான் நாம் பேசவேண்டும்.

வேகம் போதாது என்ற வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். கியேரும் ஓட்டத்துக்குப் பேர்போனவர் இல்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டிப் பார்த்து நிற்கிறது, நீளமாக அளந்து கொடுக்கிறது, இதுதான் அவரின் தொழில். உங்கள் பயிற்சியாளரிடம் "ஏன் எடுக்கவில்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். "இந்த வேகத்தோடு இவன் எந்த இடத்தில் ஆடலாம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். தம்பியே கேட்கட்டும். நீங்கள் காரில் இருங்கள்.

மூன்றாவது வரி. தன்னை வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்டான் என்பது. அதைத்தான் நீங்கள் இரண்டு தரம் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகனில் பின்லாந்தோடு நடந்த போட்டியை நாம் எல்லாரும் பார்த்தோம். 43ஆவது நிமிடத்தில் சக வீரர் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோது முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் கியேர் ஒருவர். அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க உதவினார். கமெராவுக்கு மறைவாக அணியினரை வட்டமாக நிற்கச் செய்தார். எரிக்சனின் துணைவி மைதானத்துக்குள் ஓடிவந்தபோது போய் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த வருடம் ஐரோப்பிய உதைபந்துச் சங்கமான யூஈஎஃப்ஏயின் தலைவர் விருது அவருக்கும் வைத்தியக் குழுவுக்கும் கிடைத்தது இதற்காகத்தான். ஆனால் போட்டி திரும்பத் தொடங்கியபோது அவரால் தொடர முடியவில்லை. 63ஆவது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அணித்தலைவர், சொந்த மண்ணில், தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டத்தில். ஒருவரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை.

தம்பிக்கு அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கியிருக்கலாம், கால் பிடித்திருக்கலாம், வகுப்பில் ஏதாவது நடந்திருக்கலாம். உங்களுக்கும் தெரியாது என்பதுதான் என் கவலை.

இனி நடைமுறை. அண்ணி வைத்தியத்துறை என்று நினைக்கிறார். அதற்கு ஜிம்னாசியம் என்கிற உயர்தரப் பாடசாலையில் 11ஐ ஒட்டிய சராசரி வேண்டும், அதை இப்போதே அவன் தலையில் தூக்கி வைக்கவேண்டாம். பத்தாம் வகுப்பை விடுதியோடு கூடிய ஓர் எஃப்டர்ஸ்கோலவில் செய்யலாம். உதைபந்தைப் பாடமாகவே வைத்திருக்கிற பாடசாலைகள் பல உண்டு, கணிதத்தையும் அங்கேயே தூக்கி நிறுத்தலாம். செலவு இருக்கிறது, ஆனால் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து அரசு உதவித்தொகையும் கொடுக்கிறது. ஜிம்னாசியத்துக்குப் போன பின் அவன் உண்மையிலேயே மேல்மட்டத்தில் ஆடினால், மூன்று வருடப் படிப்பை நான்கு வருடமாக நீட்டிப் படிக்கும் ஏற்பாடு, உயர்மட்ட விளையாட்டு வீரர்களுக்கு உதவுகிற டீம் டென்மார்க் என்ற அமைப்பு ஊடாக இருக்கிறது. ஆடாவிட்டால் மூன்றே வருடம். மின்சாரமோ தச்சோ தொழிற்கல்விக்குப் போக விரும்பினால் டேனிஷிலும் கணிதத்திலும் 02 போதும். அதை அவமானம் என்று நினைக்கிற பழக்கத்தை நம்முடைய வீடுகள் எப்போது விடுமோ. இவற்றில் எதைத் தொடங்கினாலும் மற்றது மூடிப்போவதில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். தம்பியைக் கூட்டிவாருங்கள், அண்ணியும் வரட்டும். தாளை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். பென்சிலில் எழுதியதை மட்டும், அவன் பார்க்க முன், நான் இங்கேயே அழித்துவிடுகிறேன்.